நாடாளுமன்றத் தூணுக்குள் ஒரு மஞ்சள் முடிச்சு

முதல் தூணின் வாயை மூடிய காலையில் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலாளி, மஞ்சள் முடிச்சுகளைத் தாம்பாளத்தில் ஏந்தி நின்ற முதலாளியின் மனைவி, வயதான வெல்டர் ஒருவர், தனாக்கா மரச்சாந்து பூசிய முகத்தோடு பெயின்ட் அடிக்க வரும் பர்மாக்கார அக்கா, என் அத்தை மகன், நான். இல்லாதவர் ஒருவர்தான். தலைநகர் நேபிடோவில், நாடாளுமன்றக் கட்டடத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. அவர் மட்டும் அன்று வந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதித்தான் அனுப்பியிருந்தார். அந்தத் தாள் நான்காக மடிந்து என் சட்டைப்பையில் கிடந்தது.

எங்கள் பட்டறை ரங்கூனில், போட்டாதாங் பகுதியில், ஸ்ட்ராண்ட் ரோட்டுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. படகுத்துறைக்கு ஏணி, கடைகளுக்கு ஷட்டர், வீடுகளுக்கு ஜன்னல் கம்பி, இவைதான் எங்கள் வேலை. கரன்ட் எந்த நேரத்தில் வருகிறதோ அதுதான் எங்களுக்கு வேலை நேரம். அப்படிப்பட்ட பட்டறைக்கு நாடாளுமன்ற வேலை வந்தது. நாங்கள் யாரும் நாடாளுமன்றம் என்று சொல்வதில்லை, லுட்டோ என்றுதான் சொல்வோம். லுட்டோவின் பாதுகாப்பைப் பலப்படுத்துகிறார்கள், கார்கள் நுழையும் வாசலில் லாரி மோதினாலும் அசையாத தள்ளு கேட்டும் அதைத் தாங்க ஆறு இரும்புத் தூண்களும் வேண்டும் என்றார்கள். பெரிய கான்ட்ராக்டர் ஒருவர் வேலையை எடுத்து, இரும்பு வேலையை மட்டும் எங்கள் முதலாளியிடம் கொடுத்தார். இந்த வாசல் சரியாக அமைந்தால் மற்ற மூன்று வாசல்களும் எங்களுக்கே என்பது பேச்சு.

வரைபடம் போட்டது நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான், தொழில்நுட்பப் பள்ளியில் டிப்ளோமாவும் முடித்தேன். அப்பா இதே போட்டாதாங் துறையில் மூட்டை இறக்கியவர். இன்றும் அவருக்கு வரும் கரன்ட் பில்லை நான்தான் படித்துச் சொல்கிறேன். பட்டறையில் பர்மா மொழியில் எழுதிவரும் எந்தத் தாளும் என் கைக்குத்தான் முதலில் வரும். அதனால் எனக்கு 'சயாலே' என்று பெயர். சின்ன வாத்தியார் என்று அர்த்தம். கூப்பிடுகிறவர்களின் சிரிப்பைப் பார்த்தால் அது மரியாதையா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

என் அத்தை மகன் நாலாம் வகுப்போடு நின்றவன். என்னைவிட ஒரு வயது இளையவன். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். எழுதத் தெரியாது. ஆனால் அவன் வெல்டு போட்டால் தடம் தைத்த துணியின் மடிப்பு மாதிரி இருக்கும். அவன் பேசினால் பர்மாக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் பேசினால் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் பத்து வருடமாக என் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அதிகாரி ஒருமுறை எங்கள் பட்டறைக்கே வந்தார். சாதாரணச் சட்டை, சாதாரண லோஞ்ஜிக் கைலி. தூணின் அடித்தகட்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தரை சமமாக இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று பர்மாவில் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நான் வரைபடத்தை விரித்தேன். சரிவு எத்தனை மில்லிமீட்டர் வரை தாங்கும், எந்த இடத்தில் எத்தனை தகடு என்று நான் போட்டு வைத்திருந்த பட்டியலை வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பட்டியலில் பாதிக்கு மேல் போயிருப்பேன். என் அத்தை மகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றி, தூணின் அடியில் செருகிக் காட்டினான்.

"இப்படித்தான் சயா. அங்க வந்து செருப்புக்குப் பதிலா இரும்பு வைப்பேன். இல்லன்னா நான் வெறுங்காலோட ரங்கூன் திரும்பணும்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "வாசலைத் தாண்டி உள்ளே வர ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. வெல்டிங் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். இவன் வரட்டும். வேலை சுத்தமாக இருந்தால் கட்டடத்திலேயே பராமரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், நிரந்தரமாக."

நியாயமான முடிவுதான். எனக்கு வெல்டிங் வராது. இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்ததனால் எரிச்சல் குறையவில்லை, கூடியது.

அனுமதி அட்டைக்குப் போட்டோ வேண்டும், காலர் வைத்த வெள்ளைச் சட்டை வேண்டும் என்றார்கள். அவனிடம் இல்லை. டிப்ளோமா வாங்கிய நாளில் நான் போட்ட சட்டையை அவன் கடன் கேட்டான். கொடுத்தேன். போட்டோவில் அந்தச் சட்டை எனக்கு இருந்ததைவிட அவனுக்குப் பொருத்தமாக இருந்தது. விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'நான்காம் வகுப்பு' என்று மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பது அப்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷமாக இருந்தது.

தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக்குச் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது.

"ஒன் அத்தை மவன் லுட்டோக்குள்ள போறானாமே?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் டிப்ளோமா வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

"கேட்டு மாட்டத்தாம்ப்பா போறான். சட்டம் போட இல்ல."

"சட்டம் போடுறவனும் அந்தக் கேட்டு வழியாத்தானடா போவணும்?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பட்டறை வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. கான்ட்ராக்டரின் ஆள் இறங்கி, ஒரு தாளைக் கொடுத்து, நோட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனான். வாசலிலேயே நின்று படித்தேன். கூடுதல் பாதுகாப்பு விதி. உள்ளே கூடாக உள்ள எல்லா இரும்புப் பாகங்களும் வாய் திறந்தபடியே வர வேண்டும், காவலர்கள் உள்ளே பார்த்த பிறகு அவர்கள் முன்னால்தான் மூடி போட்டு வெல்டு செய்ய வேண்டும், உள்ளே எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இன்னும் ஒரு மணி நேரத்தில் முதலாளியின் மனைவி தாம்பாளத்தோடு வரப்போகிறார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தும்போது மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து மேலே கட்டுவார்கள் இல்லையா? முதலாளிக்கு இரும்புக் கேட்டும் வாசக்கால்தான். "கேட்டுன்னா என்னா? வாசல். வாசல்னா நெல. நெல நிறுத்தயில தானியம் போடாம எவனாச்சும் நிறுத்துவானா?" என்பார். தூண் உள்ளே கூடாக இருப்பதால், முடிச்சை மேலே கட்டாமல் உள்ளே போட்டு, வாயை மூடி வெல்டு வைத்துவிடுவோம். ஒன்பது தானியம், ஒரு விரலி மஞ்சள், ஒரு பழைய செப்புக்காசு. எங்கள் பட்டறையிலிருந்து போன எந்தக் கேட்டுத் தூணை அறுத்தாலும் அது இருக்கும். வாங்கினவர்களுக்குத் தெரியாது. அதுவரை யாரும் அறுத்துப் பார்த்ததில்லை.

தாளை எடுத்துக்கொண்டு சொல்லத்தான் உள்ளே போனேன். நான் சொல்வது உண்மை. உள்ளே என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அத்தை மகன் நடந்து காட்டிக்கொண்டிருந்தான். லுட்டோக்காரர்கள் எப்படி நடப்பார்கள் என்று வயதான வெல்டருக்கு நடித்துக் காட்டுகிறானாம். பெயின்ட் அடிக்கும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சயாலே, வந்தியா? ஓடிப்போயி நம்ம லுட்டோக்காரருக்கு ஒரு லப்பெயே வாங்கிட்டு வா. பாலு கூடப் போடச் சொல்லு."

தாளை மடித்தேன். பைக்குள் வைத்தேன். போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவன் டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கையில் முதலாளிக்கு நினைவு வந்தது. "டாக்ஸில எவனோ வந்து நின்னானே, என்னவாம்?"

"பழைய தாளுதான் முதலாளி. கையெழுத்து விட்டுப்போச்சுன்னு வாங்கிட்டுப் போனான்."

என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கரன்ட் வந்தது. முதலாளியின் மனைவி ஒவ்வொரு தூணுக்கும் சூடம் காட்டி முடிச்சைப் போட்டார். "நானும் ஒரு காசு போடலாமா?" என்று பெயின்ட் அக்கா பர்மாவில் கேட்டு, முதல் முடிச்சோடு தன் காசு ஒன்றையும் போட்டுக் கும்பிட்டாள். அத்தை மகன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முகமூடியை இறக்கிக்கொண்டு, மூடிகளை ஒவ்வொன்றாக வெல்டு செய்தான். நான் பையின் மேல் கையை வைத்தபடி நின்றேன். நான் நினைத்தது இவ்வளவுதான்: வாசலில் மூடியைப் பார்ப்பார்கள், விதியை மீறியதாகத் திட்டுவார்கள், அவன் விழிப்பான், இவனுக்கு ஒன்றும் தெரியாது, படித்தவனை அனுப்புங்கள் என்பார்கள். என் போட்டோவுக்கு வேறு சட்டை வாங்க வேண்டுமே என்றுகூட யோசித்தேன். உள்ளே முடிச்சும் காசும் உருண்டு சத்தம் போடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

லாரி மறுநாள் அதிகாலையில் போனது. மதியம் முதலாளியின் போன் அடித்தது. கான்ட்ராக்டர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தூணை இறக்கும்போது சாய்ந்திருக்கிறது. உள்ளே கலகலவென்று ஏதோ உருண்டிருக்கிறது. காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டு, வாசலை மூடிவிட்டார்கள். டிரைவரையும் அத்தை மகனையும் போனைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, ரோட்டோரம் வெயிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆறு தூணையும் அறுத்தாகிவிட்டது.

பிறகு அதிகாரியே போனுக்கு வந்தார். முதலாளி போனை என்னிடம் நீட்டினார்.

"இந்தத் துணிக்குள் என்ன இருக்கிறது?" என்றார் அதிகாரி. குரலில் சிரிப்பு இல்லை. "உங்கள் ஆள் ஒன்பது தானியம் என்கிறான். எட்டுதான் சொல்கிறான். ஒன்பதாவது என்ன?"

நான் திரும்பி முதலாளியின் மனைவியிடம் கேட்டேன். அவர் விரலை மடக்கினார். "நெல்லு, கோதும, தொவர, பச்சப்பயறு, கடல, மொச்ச, எள்ளு, உளுந்து..." அவரும் எட்டில் நின்றுவிட்டார். பிறகு, "கொள்ளுடா! கொள்ளு!" என்று கத்தினார்.

கொள்ளுக்குப் பர்மாச் சொல் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பத்து வருடம் படித்த பள்ளிக்கூடமும் டிப்ளோமாவும் அந்த ஒரு சொல்லுக்கு உதவவில்லை. "குதிரை தின்னும் பயறு, சயா" என்றேன்.

யாரோ தானியத்தைத் தட்டில் பரப்புகிற சத்தம். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "தாளை வாங்கியது நீதானே? நோட்டில் கையெழுத்து இருக்கிறது."

"ஆமாம் சயா."

"படித்தாயா?"

"படித்தேன் சயா."

"அவர்களை விட்டுவிடுகிறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பட்டறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "விடுறாங்களாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் மறுநாள் வந்தான். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. ஆனால் வந்ததும் கதைதான் சொன்னான். "நாய் ஒன்னு கொண்டாந்தாங்க முதலாளி. முடிச்ச மோந்து பாத்துச்சு. மஞ்ச நெடி ஏறிருச்சு. அது தும்முன தும்முல காவக்காரன் ரெண்டு பேரு பின்னால குதிச்சிட்டான்." முதலாளியே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, "மூடக் கூடாதுன்னு நமக்குத் தாளு அனுப்புனதாச் சொல்றானே அந்தக் கான்ட்ராக்டரு. டாக்ஸில வந்தது பழைய தாளுங்கிறான் சயாலே. உனக்கு அங்க எதாச்சும் காட்டுனாங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒன்னும் காட்டல முதலாளி. காட்டுனாலும் எனக்கு என்னா தெரியும்?" என்றான்.

சாயங்காலம் டீக்கடையில் எனக்கு எதிரே குட்டை முக்காலியில் உட்கார்ந்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அந்த நோட்டுல ஒன் கையெழுத்து அழகா இருக்கு மச்சான். எனக்கு அது ஒன்னுதான் படிக்கத் தெரியும். ஒம்போது மணின்னு நேரங்கூடப் போட்டிருக்கியாமே, அந்த ஆபீசர் படிச்சுச் சொன்னாரு."

நான் என் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"சட்டையத் தொவச்சுத் தரேன். ஒக்கார வச்ச எடத்துல தாரு ஒட்டிக்கிச்சு. போவுமான்னு தெரியல."

அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனான். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவன் கைவேலை மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், அவன் பேச்சின் மேல் பட்டிருக்கிறேன். இப்போது அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததன் மேலும். இதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா? தப்பை மறைத்துப் பெரியமனிதனாக நடந்துகொள்வதுகூட அவனுக்குத்தானா?

அதனால்தான் அடுத்த நாள் காலை தாளைக் கொண்டுபோய் முதலாளியின் மேசை மேல் வைத்தேன். மனம் திருந்தி வைத்ததாக யாராவது நினைத்தால் அது தவறு. அவன் எனக்காக ஒன்றைச் சுமப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. "படி" என்றார்.

படித்தேன். அதே ஆறு பேரும் இருந்தார்கள். முதலாளியின் மனைவி தாம்பாளம் இல்லாமல் நின்றார். பெயின்ட் அக்காவுக்கு மட்டும் தமிழ் புரியாது. ஆனால் தாள் பர்மாவில்தானே இருந்தது. நான் வரிக்கு வரி பர்மாவில் படித்துத்தான் தமிழில் சொன்னேன். அவள்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏண்டா?" என்றார் முதலாளி. அதுவரை என்னை அவர் டா போட்டதில்லை. சயாலே என்றுதான் கூப்பிடுவார்.

"இவன் போறானேன்னுதான்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அத்தை மகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ கேட்டிருந்தா நான் போட்டோவ ஒனக்கே எடுக்கச் சொல்லிருப்பேனே மச்சான்" என்றான். வெல்டிங் யார் செய்வது என்று அவன் யோசிக்கவில்லை. அவன் அப்படித்தான்.

ஆறு தூணும் புதிதாகச் செய்தோம். இந்தத் தடவை வாய் திறந்தபடி லாரி ஏறின. முதலாளியின் மனைவி முடிச்சை விடவில்லை. ஒரே ஒரு முடிச்சை லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கட்டிவிட்டார். தாளை வாங்கியவனும் வர வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்ததால் நானும் போனேன். வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தூண்கள் காலியாக வந்தன என்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அத்தை மகன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனான். காவலர் ஒருவர் அவனைப் பார்த்துத் தும்முவது போல நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டடம் தூரத்தில் இருந்தது. கூரைகள் மட்டும் தெரிந்தன.

மற்ற மூன்று வாசல்களும் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. அவனை மட்டும் அதிகாரி வைத்துக்கொண்டார். இப்போது அங்கேயே பராமரிப்பில் இருக்கிறான். கேட்டு சறுக்கும் தடத்துக்கு எண்ணெய் விடுவதை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புகிறான். அப்பா அதை என்னிடம் நீட்டி, "சத்தமே வரல பாரு" என்கிறார். பார்க்கிறேன். வரைபடம் என்னுடையது என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விடுகிறேன்.

புதுத் தூண்களுக்கான இரும்பு, இரண்டாவது லாரி, வாசலை அரைநாள் மூட வைத்ததற்குக் கான்ட்ராக்டர் பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் முதலாளி கூட்டச் சொன்னார். கூட்டியதும் நான்தான். பாதி தன்னுடையது, வழக்கம் தன்னுடையது என்பதால், என்றார். மீதி என் சம்பளத்தில் மாதாமாதம் போகிறது. அதில் ஒரு பங்கை, யாரும் கேட்காமலேயே, அத்தை மகன் தன் முதல் சம்பளத்திலிருந்து அனுப்பிவிட்டான். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு இன்னும் எரிகிறது. அன்று நான் கூட்டிய மொத்தம், பர்மாப் பணத்தில், அறுபத்தொரு லட்சத்து நாற்பதாயிரம் சாட்.